ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஐந்தாறு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பையனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ‘ம்மா’, ‘தா’ தவிர வார்த்தை வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மூன்று மாதமாக ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப்போகிறோம். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் என்று பதினான்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். போட்டோ இணைத்திருக்கிறேன்.

என் மனைவி எதையும் செய்வதில்லை. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது மதியம் மூன்று மணிவரை குளிக்காமல் இருக்கிறாள். பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். அவள் அம்மா போன் செய்தால்கூட எடுப்பதில்லை. சோம்பலா, பிடிவாதமா தெரியவில்லை. ‘நான் இல்லாம இருந்தா அவன் நல்லா இருப்பான்’ என்று ஒருநாள் சொன்னாள். போனைக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்கிறார் என் அம்மா. தினமும் சண்டை. கடை முடிந்து வந்தால் உள்ளே போகப் பிடிக்காமல் வாசலில் பைக்கிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குத் தன்னம்பிக்கை வருகிற மாதிரி நீங்கள் நாலு வார்த்தை எழுதினால் படிக்கக் கொடுப்பேன். பையன் பேசுவானா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

அந்த நாலு வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை, அப்படி எழுதிச் சம்பாதித்த காலமும் உண்டு. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணிடம் அதைக் கொண்டுபோய் நீட்டினால், பதினைந்தாவது பயிற்சியாகத்தான் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலில், கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். ‘நான் இல்லாம இருந்தா அவன் நல்லா இருப்பான்.’ இன்று ராத்திரி பையன் தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டுவிடுவோமோ என்று எல்லாருக்கும் ஒரு பயம். அப்படி ஆவதில்லை. ‘ஆமா’ என்றால் எப்படி, எப்போது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, எலிமருந்து எது இருந்தாலும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். விடியட்டும் என்று பார்க்காமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். 14416 என்ற எண்ணையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

‘இல்லை’ என்று சொன்னாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். குளிக்காதது, பேசாதது, பெற்ற தாயின் போனை எடுக்காதது, படுத்தே கிடப்பது, தான் இருப்பதே பாரம் என்று நினைப்பது. நீங்கள் புகாராக எழுதியிருக்கும் இதே பட்டியலை ஒரு டாக்டர் படித்தால் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகத்தான் படிப்பார். மாத்திரை கொடுத்தால் குணம் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ‘பத்து நாள் போட்டா, ஒண்ணும் சரியாகல’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பையன் இன்னும் பால் குடிக்கிறான் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்துகள் இருக்கின்றன.

சரி, தாளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். பதினான்கில் பதினொன்று ‘அம்மா’ என்று தொடங்குகிறது. அம்மா குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். அம்மா முகபாவத்துடன் பேச வேண்டும். அம்மா உற்சாகமாகக் கைதட்ட வேண்டும். ‘அப்பா’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. தெரபிஸ்டைக் குறை சொல்லவில்லை, வழக்கமாக வரும் அம்மாவை நினைத்து எழுதியிருப்பார். ஆனால் பல் தேய்க்கவே தெம்பில்லாத ஒருவர் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதினொன்றும் அவரைப் பார்க்கின்றன. கழற்றிவிடுங்கள்.

அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து நீங்கள் செய்யுங்கள். சாயங்காலம் பையனைக் குளிப்பாட்டுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், “ஊத்து” என்று சொல்லிக்கொண்டே. இன்னொன்று. மூன்றாவது மக்கை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிறுத்திவிடுங்கள். பேசாதீர்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். தண்ணீர் வரவில்லையே என்று மக்கைப் பார்ப்பான், அப்புறம் ஒரு நாள் உங்களைப் பார்ப்பான், இல்லை கையைப் பிடித்து இழுப்பான், ஏதோ ஒரு சத்தம் கொடுப்பான். எது வந்தாலும் உடனே “ஊத்து!” என்று ஊற்றிவிடுங்கள். கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதற்கு பிளாஷ் கார்டு வேண்டாம், விலையுயர்ந்த பொம்மை வேண்டாம். அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம். நமக்குக் கை சும்மா இருக்காது.

அடுத்து உங்கள் அம்மா. மருமகள் போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பது இன்றைய பேச்சு. முன்பு படித்தவர்களே இப்படிப் பேசினார்கள். பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம் பற்றி 1943இல் பதினொரு குழந்தைகளை வைத்து முதலில் விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கானர், கொஞ்ச காலம் கழித்து, இந்தப் பிள்ளைகள் பனி உருகாத ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரி வளர்ந்தவர்கள் என்று எழுதிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு ‘ஃப்ரிட்ஜ் அம்மா’ என்றே ஒரு பெயர் வந்தது. பிள்ளை பேசாத துக்கத்தில் முகம் இறுகிப்போன தாய்மாரைப் பார்த்து, முகம் இறுகியதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பின் குற்றம் இல்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கானரே அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொன்னார். நடுவில் எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியோடு படுத்துக் கிடந்தார்களோ.

உங்கள் பையனுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். போனைக் குறைப்பது நல்லதுதான், போன் பார்க்கிற நேரம் பேச்சு கேட்கிற நேரத்தைத் தின்றுவிடும். ஆனால் கூப்பிட்டால் திரும்பாததற்கும் மிக்ஸிக்கு அலறுவதற்கும் போன் காரணம் என்று உங்கள் மனைவி தலையில் கட்டாதீர்கள். யோசித்துப் பார்த்தால் அவர் போனைக் கொடுத்தது எதற்கு? சோறு பொங்க, துணி துவைக்க, பத்து நிமிஷம் உட்கார. அந்தப் பத்து நிமிஷத்துக்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1993இல் மதுரையில் இருந்தோம். என் இரண்டாவது மகள் மூன்றரை வயதுவரை பேசவில்லை. ஒரு டாக்டர் ‘நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க’ என்று அனுப்பிவிட்டார். ஒரு அத்தை வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் குமரகுருபரர் கதையைச் சொன்னார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து, பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய், முருகன் அருளால் பேசியவர். நல்ல கதை. அந்த ஐந்து வருஷம் அவருடைய அம்மா என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, மாமியார் என்ன சொன்னார் என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இருந்தார். ஒருநாள் நாலு மணிக்கு முருங்கைக்கீரைக் கட்டோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பாப்பாவை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார். “நீ போய்ப் படு” என்றார், அவ்வளவுதான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி அழுதேன், தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் அவர் முழங்கை முழுக்க முருங்கை இலை ஒட்டியிருந்தது. பாப்பா எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறாள், அவர் கையை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளும் வந்தார். ஏழெட்டு மாதம் வந்தார். கீரை மட்டும் மாறும். என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒருநாள்கூட என்னைக் கேட்டதில்லை. எனக்கு டாக்டரும் மாத்திரையும் பிறகு வந்தன, அவையும் தேவைப்பட்டன. ஆனால் டாக்டரிடம் போக எழுந்து நிற்கிற தெம்பை அந்தத் தூக்கம்தான் கொடுத்தது.

ரொம்ப நாள் கழித்து ஒரு ஆய்வைப் படித்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்பகுதி ஒன்றில் செய்தது, 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றில் பதினோரு பெண்களுக்கு மனச்சோர்வு புதிதாக வந்திருக்கிறது. யாருக்கு அதிகம் வருகிறது என்ற பட்டியலில் வறுமை இருக்கிறது, பையனை எதிர்பார்த்து மகள் பிறந்தது இருக்கிறது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் இருக்கிறது, கடைசியில் கைக்கு உதவி இல்லாததும் இருக்கிறது. அந்தக் கடைசியைப் படித்ததும் முருங்கைக்கீரை ஞாபகம் வந்தது. உங்கள் மனைவியுடையது பிரசவத்தை ஒட்டி வந்ததா, பையன் பேசாததால் வந்ததா என்று டாக்டர் கேட்டுப் பார்க்கட்டும். ஆட்கள் இல்லாமல் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளோடு முறையாகப் பேசவைத்தார்கள். அந்தப் பணிப்பெண்கள் மனநல மருத்துவம் படித்தவர்கள் இல்லை. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 53 பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். இந்த முறைப்படி பேசியவர்களில் 23 பேர்தான். 2008இல் வந்த ஆய்வு இது. நம் பக்கத்திலேயே, உங்களுக்கு எட்டுகிற தூரத்தில், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. பிள்ளையை மட்டும் தனியாகப் பார்க்காமல் குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம், கிராமங்களில் வீட்டுக்கே ஆட்கள் போகிறார்கள். ஒரு போன் செய்து கேளுங்கள்.

உங்கள் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மருமகளைத் திட்டுவதில் பாதி பேரனைப் பற்றிய பயம். அவருக்கு வேலை கொடுங்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை பையன் ஆச்சியோடு. அந்த நேரத்தில் மருமகள் தூங்கலாம், குளிக்கலாம், சும்மா கிடக்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. போன் என்ற வார்த்தையை ஒரு மாதத்துக்கு எடுக்கக் கூடாது. முடிந்தால் மனைவியின் அம்மாவை வரவழைத்துப் பத்து நாள் தங்க வையுங்கள், போனை எடுக்காத மகளுக்கு ஆள் நேரில் வருவது வேறு. இரண்டு சம்பந்திகளையும் ஒரே அடுப்படியில் விடும் துணிச்சல் உங்களுக்கு உண்டா என்பது தனிக் கேள்வி.

இப்போது நீங்கள். அரைமணி நேரம் பைக்கில் உட்கார்ந்திருப்பதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதைக் குற்றமாக நான் படிக்கவில்லை. தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? கடையில் கணக்குத் தப்புகிறதா? கடிதத்தில் மனைவியைப் பற்றி, அம்மாவைப் பற்றி, பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி அந்த ஒரு வரிதான். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போகும் அன்று அவர் முன்னால் அந்த வரியையும் சொல்லுங்கள். அப்பாக்களுக்கும் இது வரும். அவர்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வதால் நம் கண்ணில் படுவதில்லை.

பையன் பேசுவானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. என் மகள் பேசினாள், அதை வைத்து உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. தாமதமாகப் பேசி மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. சில வார்த்தைகளோடும் சைகையோடும் படங்களோடும் தனக்கு வேண்டியதைச் சொல்லி வளரும் பிள்ளைகளும் உண்டு. மிக்ஸி சத்தம் கேட்கிறதே என்று காதை விட்டுவிடாதீர்கள். சில சத்தம் கேட்டு, பேச்சு சரியாகக் கேட்காமல் இருக்கலாம். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வைத்திருக்கிறார்கள். குழந்தை மருத்துவர், காது, பேச்சு, உளவியல் எல்லாம் ஒரே இடத்தில், இலவசம். அரசு மருத்துவமனையில் கேட்டாலே சொல்வார்கள், அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

கடைக்கு ஒருநாள் லீவு சொல்லுங்கள். காலையில் பையனுக்கு அங்கே காட்டிவிட்டு, அதே வளாகத்தில் மனைவிக்கும் மனநலப் பிரிவில் சீட்டு போட்டுவிடலாம், இரண்டு வரிசைக்கும் சேர்த்து மதியம் ஆகிவிடும். பையனுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். பிசைவது நீங்கள்.