பேப்பர் போட்டுத் தர்றேன்னு சொன்னவர் மிச்சப் பணம் கேக்குறாரு, குடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் மன்னார்குடி பக்கம். செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டே வரலாறுல பார்ட் டைம் பிஎச்டி பண்றேன். வெண்ணாறு பாசனத்துல கடைமடை ஊர்களோட தண்ணிப் பிரச்சனைதான் தலைப்பு. ஸ்கோபஸ்ங்கற ஆராய்ச்சி ஜர்னல் பட்டியல்ல இருக்குற ஜர்னல்ல ஒரு பேப்பராவது வந்திருக்கணும்னு கைடு சொன்னதால காசு வாங்கிட்டு பேப்பர் போட்டுத் தர்ற ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல என் மூணாவது சாப்டரையும் 10,000 அட்வான்ஸும் குடுத்தேன். நாலே நாள்ல அக்செப்டன்ஸ் லெட்டர் வந்துடுச்சு. இம்பாக்ட் ஃபேக்டர் 7.8னு போட்டிருக்கு. மிச்சம் 22,000 கட்டு, இல்ல வேணாம்னா வித்ட்ராயல் ஃபீஸ் 8,000 கட்டுன்னு மிரட்டுறாங்க. சம்பளமே 15,000தான். என்ன பண்றது?

பதில்: குடுக்காதீங்கம்மா. 22,000மும் குடுக்காதீங்க, 8,000மும் குடுக்காதீங்க. நான் யுனிவர்சிட்டி லைப்ரரியில இருந்து ரிட்டையர் ஆனவன், இந்த மாதிரி லெட்டரை எடுத்துக்கிட்டு வந்து டேபிள் முன்னாடி கண்கலங்கி நின்ன பிள்ளைங்களை நெறைய பாத்துட்டேன்.

நாலு நாள்ல அக்செப்ட்னா அதை யாரும் படிக்கலைன்னு அர்த்தம். வரலாறு பேப்பரை ரெண்டு பேர் ஒழுங்கா படிச்சு, இந்த ஆவணம் எங்க எடுத்தீங்க, அந்த வருஷம் சரியான்னு கேட்டு எழுதி அனுப்ப மாசக்கணக்கு ஆகும், சில சமயம் வருஷமே ஆகும். அப்புறம் அந்த 7.8. நிஜ இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு ஜர்னல் கட்டுரைங்களை மத்தவங்க சராசரியா எத்தனை தடவ மேற்கோள் காட்டுறாங்கங்கற கணக்கு, கிளாரிவேட்னு ஒரு கம்பெனி வருஷா வருஷம் வெளியிடுறது. வரலாறு ஜர்னலுக்கு அது 1 தாண்டுனாலே பெரிய விஷயம். 7.8 எல்லாம் அவங்களே அச்சடிச்சுக்கிட்ட நம்பர், இதுக்குன்னே காசு வாங்கிட்டு ஏதோ ஒரு ஃபேக்டர் குடுக்குற வெப்சைட்டுங்களும் இருக்கு. ஐஎஸ்எஸ்என் இருக்கேன்னு ஏஜென்ட் சொல்வாரு. அது ஜர்னலுக்குக் குடுக்குற வெறும் அடையாள நம்பர்ம்மா, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி, அதை வச்சு ஆள் யோக்கியனான்னு சொல்ல முடியாது.

லெட்டர்ல இருக்குற ஜர்னல் பேரு நிஜமாவே ஸ்கோபஸ்ல இருக்கலாம், அங்கதான் இன்னொரு பொறி. நிஜ ஜர்னலோட பேரு, ஐஎஸ்எஸ்என் ரெண்டையும் திருடி அச்சு அசலா ஒரு போலி வெப்சைட் போட்டு வச்சிருப்பாங்க. சான்று விதை நீல அட்டையை மூட்டையில தச்சிட்டு உள்ள சந்தை நெல்லைக் கொட்டி விக்கிறான் பாருங்க, அதே வேலை. அதனால ஏஜென்ட் அனுப்புற லிங்க்கை தொடாதீங்க. ஸ்கோபஸோட சோர்சஸ் பக்கத்துக்கு நீங்களே போங்க, காசு கிடையாது, போன்லயே பாக்கலாம். ஐஎஸ்எஸ்என் போட்டு தேடுங்க, கவரேஜ் இந்த வருஷம் வரைக்கும் இருக்கா, இல்ல டிஸ்கன்டினியூட்னு, அதாவது பட்டியல்ல சேர்க்குறதை நிறுத்திட்டோம்னு போட்டிருக்கான்னு பாருங்க. அப்படியே ஆராய்ச்சிக் கட்டுரை மோசடிங்களைக் கண்காணிக்கிற ரிட்ராக்ஷன் வாட்ச் காரங்க 2022ல இருந்து போலி ஜர்னல் பட்டியல் ஒண்ணு வச்சிருக்காங்க, அதுலயும் ஒரு தடவ பேரைத் தேடிப் பாத்துடுங்க.

உங்க காசை விட எனக்கு பெரிய கவலை உங்க சாப்டர். பிளேஜியரிசம், அதாவது காப்பி அளவைக் குறைச்சுத் தர்றோம்னு அவங்க ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாத்துவாங்க. 2021ல கபனாக், லாபே, மகசினோவ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிய கொண்டு வந்தாங்க. 'பிக் டேட்டா'ங்கறது 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' ஆயிருக்கு, 'பிரெஸ்ட் கேன்சர்' 'போசம் பெரில்', அதாவது மார்பு ஆபத்துன்னு ஆயிருக்கு, அச்சுல வந்த பேப்பர்லயேம்மா. நம்ம பக்கம் ஒரு பையன் கொண்டு வந்த தீசிஸ்ல ஏரிப் பாசனத்துக்கு எழுதுற 'டேங்க் இர்ரிகேஷன்' எல்லாம் 'கன்டெய்னர் இர்ரிகேஷன்'னு மாறி இருந்துச்சு. சோழன் காலத்துல கன்டெய்னர் எங்க இருந்து வந்துச்சு தம்பின்னு கேட்டேன், அவன் சிரிக்கல, அழுதுட்டான்.

இன்னொண்ணு, அவங்க செக் பண்ற சாஃப்ட்வேர் உங்க சாப்டரை தன்கிட்டயே சேமிச்சு வச்சுக்கிட்டா நாளைக்கு உங்க தீசிஸை யுனிவர்சிட்டி செக் பண்றப்ப உங்க எழுத்தே காப்பின்னு காட்டலாம். 2018 யுஜிசி விதிப்படி காப்பி 10 சதவீதம் வரைக்கும் பிரச்சனை இல்ல, 60க்கு மேல போனா ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். அதனால இப்பவே கைடுகிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க, திட்டுவாரு, திட்டட்டும், இப்ப திட்டு வாங்குறது வைவால வாங்குறதை விட தேவலை. செக் பண்ணவும் வெளிய காசு குடுக்க வேணாம், ஷோத்சுத்தி திட்டத்துல யுனிவர்சிட்டிங்களுக்கு அரசாங்கமே சாஃப்ட்வேர் குடுக்குது, லைப்ரரியில போய் கேளுங்க.

சரி, நிஜ ஜர்னல் காசே வாங்காதான்னா, வாங்கும். இதை கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா ஏஜென்ட்டுங்க பொய்யை இந்த உண்மைக்குள்ளதான் ஒளிச்சு வைக்கிறாங்க. யார் வேணா இலவசமா படிக்கலாம்னு விடுற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்ங்க எழுதுறவங்ககிட்ட ஏபிசி (ஆர்ட்டிகிள் ப்ராசஸிங் சார்ஜ்)னு ஒரு கட்டணம் வாங்கும். பிளாஸ் ஒன், சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் எல்லாம் அப்படித்தான், அது திருட்டு இல்ல. ஆனா தொகை எவ்வளவுன்னு அவங்க வெப்சைட்லயே பப்ளிக்கா போட்டிருக்கும், பேப்பரை ஏத்துக்கிட்ட பிறகுதான் கேப்பாங்க, இன்வாய்ஸ் வரும், பணம் பதிப்பகம் பேருக்கு போகும், கட்ட முடியலைன்னா தள்ளுபடி கேட்டும் எழுதலாம். ப்ராஜெக்ட் சென்டர் ஓனரோட ஜிபேக்கு போகாது. இன்னொரு வகையும் இருக்கு, ரெண்டும் கலந்த ஜர்னல். அக்செப்ட் ஆனதும் ஓப்பன் ஆக்சஸ் வேணுமா, இல்ல சாதாரண சந்தா முறையான்னு ஒரு ஸ்கிரீன் வரும். அதுல லட்சக்கணக்குல தொகையைப் பாத்ததும் நம்ம பிள்ளைங்க நகையை அடகு வைக்க ஓடுது! சந்தா முறையை க்ளிக் பண்ணுங்க, பெரும்பாலும் அங்க கட்டணம் பூஜ்யம், பேப்பரும் அதே ஜர்னல்லதான் வரும், மதிப்பு ஒண்ணும் குறையாது. ஒரு பொண்ணு இது தெரியாம கடன் வாங்கி கட்டிட்டு வந்துச்சு, எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

உங்க பாடத்துக்கு அந்த கவலையே வேணாம். எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி எழுதுறவங்ககிட்ட காசு வாங்குறதில்ல. 1963ல இருந்து வர்ற இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூவும் அப்படித்தான். ரெண்டும் கஷ்டம், திருப்பி அனுப்புவாங்க, சில சமயம் என்ன தப்புன்னு எழுதியும் அனுப்புவாங்க, அது சும்மா கிடைக்கிற படிப்பு.

முதல்ல பேப்பர் தேவைதானான்னே பாருங்க. 2022 நவம்பர்ல வந்த யுஜிசி பிஎச்டி விதியில தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பேப்பர் கட்டாயம்ங்கறதை எடுத்துட்டாங்க. உங்க யுனிவர்சிட்டி தனியா கேக்குதா, நீங்க சேர்ந்த வருஷத்துக்கு எந்த ரெகுலேஷன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, வாய்ச்சொல்லை நம்பாதீங்க.

இந்த யுஜிசியையும் சொல்லணும். அவங்களே அப்ரூவ்ட் லிஸ்ட்னு ஒண்ணு போட்டாங்க, அதுல யுனிவர்சிட்டிங்க சிபாரிசு பண்ணதுல 1,009 ஜர்னலை பூனாவுல பட்வர்தன் குழு எடுத்துப் பாத்தா 88 சதவீதம் தரம் தேறலை. 2018 மே மாசம் 4,305 ஜர்னலை ஒரே அடியா தூக்குனாங்க. பிறகு அதுக்குப் பதிலா கேர் லிஸ்ட்னு யுஜிசியோட புதுப் பட்டியல் வந்துச்சு, 2025 பிப்ரவரியில அதையும் நிறுத்திட்டு அந்தந்த காலேஜே தரம் பாத்துக்கங்கன்னுட்டாங்க. மேட்டூரைப் பூட்டிட்டு அவனவன் போர் போட்டுக்கங்கன்னு சொல்ற மாதிரி. தஞ்சாவூர்ல உக்காந்து மராத்தியை எழுதுன பழைய மோடி எழுத்து ஆவணத்தைப் படிக்கிற பொண்ணுகிட்டயும் ஸ்கோபஸ் கேளு, 15,000 சம்பளம் வாங்குறவங்ககிட்டயும் ஸ்கோபஸ் கேளு, அப்புறம் ஏஜென்ட் ஏன் முளைக்க மாட்டாரு.

இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க. என் கட்டுரையை வெளியிட எனக்கு சம்மதம் இல்ல, காப்பிரைட் ஃபார்ம்ல நான் கையெழுத்து போடல, வாபஸ் வாங்குறேன்னு நாலே வரி, தேதியோட, ஜர்னலுக்கும் ஏஜென்ட்டுக்கும் சேர்த்து. அந்த ஃபார்மை ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா எனக்கு மறுபடி எழுதுங்க, அது வேற கதை. வாட்ஸ்அப் மிரட்டலை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வித்ட்ராயல் ஃபீஸுக்கு நீங்க எதுலயும் ஒத்துக்கலைன்னா, அது சும்மா பயமுறுத்தல், கோர்ட்டுக்கு எல்லாம் பெரும்பாலும் போக மாட்டாங்க. ரொம்ப தொல்லை குடுத்தா சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் குடுங்க.

அந்த 10,000 வராதுன்னே வச்சுக்கங்க. இருந்தாலும் மெயில்லயே திருப்பிக் குடுங்கன்னு ஒரு வரி சேர்த்துடுங்க, கேக்காம விட வேணாம்.