மூலையில கராஜ் வந்தா ரோடு தாங்குமா?

கேள்வி: அக்கா, நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். எங்க தெரு மெயின் ரோட்டுல சேர்ற மூலையில, ரோபோ (ட்ராஃபிக் லைட்) பக்கத்துலயே, புதுசா பெட்ரோல் கராஜும் (பெட்ரோல் பங்க்) கூடவே 24 மணி நேரக் கடையும் கட்டப் போறாங்கன்னு போர்டு வச்சிருக்காங்க. பக்கத்துலயே ப்ரைமரி ஸ்கூல், காலையில இப்பவே நகர முடியல. அவங்க ட்ராஃபிக் ரிப்போர்ட்ல "பெருசா பாதிப்பு இல்ல"ன்னு இருக்காம். ஒரு பெட்டிஷன் சுத்துது, கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடுங்க தங்கச்சி, தப்பில்ல. ஆனா "ட்ராஃபிக் ஜாஸ்தியாகும்"னு ஒத்த வரி மட்டும் இருந்தா சுலபமா தள்ளிடுவாங்க, ஏன்னா அந்த ரிப்போர்ட் எழுதின எஞ்சினியர் சொல்றதுல பாதி நிஜம். பெட்ரோல் போடணும்னே வீட்டுலருந்து கிளம்பி வர்றவங்க கம்மி, ஏற்கெனவே அந்த ரோட்டுல போற வண்டிதான் பாதி வழியில உள்ள நுழையும். சரி, வண்டி எண்ணிக்கை ரொம்ப ஏறாது. ஆனா நேராப் போற வண்டியும், பிரேக் போட்டுத் திரும்பி நுழைஞ்சு மறுபடி வந்து சேர்ற வண்டியும் ஒண்ணா? நீங்க பிடிக்க வேண்டியது கராஜ் வாசலை.

இங்க நாம இடது பக்கம் ஓட்டுறோம், அதனால எதிர் லேன்ல வர்றவன் ரைட் எடுத்து கராஜுக்குள்ள போகணும்னா இந்தப் பக்க வண்டியெல்லாம் போற வரைக்கும் நடு ரோட்டுல நிக்கணும், பின்னால டாக்ஸிக்காரன் ஹாரன் அடிச்சே உயிரை எடுத்துடுவான். ரைட் டர்னுக்குத் தனி லேன் உண்டா, சிவப்புல நிக்கிற க்யூ வாசலை மறைக்குமா, டேங்கர் எப்படித் திரும்பும், பசங்க நடக்கிற இடத்தை வாசல் வெட்டுதா, வண்டி எண்ணினது ஸ்கூல் நாள்லயா லீவுலயா, இதெல்லாம் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. லீவுல எண்ணியிருந்தா அதையே முதல் பாயிண்ட்டா எழுதுங்க.

இன்னொண்ணு, நம்ம நாட்டுல நாமளே பெட்ரோல் போட்டுக்க முடியாதே, ஆள்தான் போடணும், கண்ணாடி துடைச்சு ஆயில் பாத்து கார்டு மெஷினைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நேரம் ஓடிடும், அதுக்குள்ள டிரைவர் சிக்கன் பை வாங்கக் கடைக்குள்ள போயிட்டான்னா வண்டி பம்ப்லயே கிடக்கும், பின்னால வர்றவன் ரோட்டுல நிப்பான். அதனால பம்ப் எத்தனை, கடைக்குத் தனி பார்க்கிங் எத்தனைன்னு கேளுங்க.

எங்க கொடுக்கிறீங்கங்கிறதும் முக்கியம். ட்ராஃபிக், நிலத்தோட உபயோகம் எல்லாம் எதெக்வினி (டர்பன்) முனிசிபாலிட்டிக்கு. டேங்க் மொத்தம் 80,000 லிட்டரோ மேலயோ இருந்தா சுற்றுச்சூழல் அனுமதியும் வேணும், அதுல ஜனங்க கருத்து சொல்ல குறைஞ்சது 30 நாள் கொடுக்கணும். இது போக 1977 பெட்ரோலியம் சட்டப்படி சைட் லைசென்ஸ் (இடத்துக்கு), ரீடெய்ல் லைசென்ஸ் (விக்கிறதுக்கு)னு ரெண்டு வேணும், அதுல "இங்க இன்னொரு கராஜ் தேவையா"ங்கிற கேள்வி வரும். அந்தக் கேள்வி நம்மளை விட பக்கத்து கராஜ்காரருக்குத்தான் அவசரம், பெட்டிஷனை யார் ஆரம்பிச்சாங்கன்னு கொஞ்சம் விசாரிங்க! கிண்டலுக்குச் சொல்லல, வைட் ரிவர்ங்கிற ஊர்ல வர இருந்த ஒரு கராஜை எதிர்த்து கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் வரைக்கும் போனதே கராஜ்காரங்க சங்கம்தான். 2007ல அவங்க ஜெயிச்சாங்க, சுற்றுச்சூழல் அதிகாரிங்க சமூக, பொருளாதார பாதிப்பையும் பாக்கணும்னு தீர்ப்பாச்சு. அவங்க காரணம் அவங்களுக்கு, உங்க வாசல் விஷயத்தைத் தனி லெட்டரா உங்க பேர்லயே எழுதிடுங்க.

கேள்வி: கராஜ் ரெண்டானா போட்டியில பெட்ரோல் விலை குறையுமா அக்கா?

பதில்: குறையாது. பெட்ரோல் விலையை அரசாங்கம்தான் நிர்ணயிக்குது, ஒரே ஏரியால எல்லா கராஜ்லயும் ஒரே விலை. டீசல்லதான் கொஞ்சம் அங்க இங்க பாக்கலாம். விலை மாறுறது மாசத்துல முதல் புதன்கிழமை, ஏறப் போகுதுன்னு நியூஸ் வந்துட்டா செவ்வாய் ராத்திரி ஊரே கராஜ்ல நிக்கும், அந்த ராத்திரி க்யூ ரோட்டுக்கு வருமான்னும் லெட்டர்ல ஒரு வரி சேருங்க.