சுவரைச் சுரண்டித் தின்னும் பேத்தி

கேள்வி: என் பேத்திக்கு நாலு வயது. முகம் வெளுத்துக் கிடக்கிறது, மண் சுவரைச் சுரண்டித் தின்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் 8.6 என்று சொல்லி இரும்பு டானிக் கொடுத்தார்கள். குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது. நாட்டு மருந்துக் கடையில் அயச் செந்தூரத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு பாட்டி, பேரணாம்பட்டு

பதில் (ஆயுர்வேத மருத்துவர், குடியாத்தம்):

வேண்டாம் அம்மா. டானிக்கும் இரும்பு, செந்தூரமும் இரும்பு. இரண்டும் சேர்ந்தால் சின்ன உடம்பு தாங்காது. உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது; அதற்குப் பயந்து டானிக்கை நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலை மட்டும் அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிக்கிறதே என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சுவர்தான். சோகையை நாங்கள் பாண்டு என்போம். ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை சொல்லும் ஐந்து வகைப் பாண்டுவில் ஒன்று, மண் தின்பதால் வருவது. முதலில் வயிற்றைச் சுத்தம் செய், அப்புறம் பலத்துக்கு மருந்து கொடு என்கிறது அது. இரும்பு குறைந்தாலே மண் தின்னும் ஆசை வரும் என்கிறது இன்றைய மருத்துவம். அதனால் அவளைத் திட்டாதீர்கள், பாவம். பேதி மருந்தும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தார்கள் என்று அங்கன்வாடியில் கேளுங்கள்.

பாண்டுவுக்கு நாங்கள் எழுதும் மருந்துகளில் நவாயச சூரணம் ஒன்று. சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கோரைக்கிழங்கு, வாய்விடங்கம், கொடிவேலி வேர் ஒன்பதும் சம அளவு. ஒன்பதின் மொத்த எடைக்கு ஈடாக இரும்பு பஸ்பம். வாய்விடங்கம் பூச்சிக்கு, சுக்கும் மிளகும் பசிக்கு. இரும்பை மட்டும் திணிக்காமல் வயிற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் இந்த மருந்தின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் குழந்தையை நேரில் பார்த்து, எடை போட்டு, டானிக்கைக் கணக்கில் வைத்துத்தான் தர முடியும்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, சாப்பாட்டோடு டீ கொடுப்பதை நிறுத்துவது. நம் பக்கம் காலையிலேயே குழந்தைக்கும் டீயில் பொறை நனைத்துக் கொடுத்துவிடுகிறோம். டீ இரும்பை உடம்பில் சேர விடாது. களிக்கு முருங்கைக்கீரை கடைந்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) நன்றாக வேகவைத்துக் கொஞ்சம் கொடுங்கள்.

ஒரு மாதம் டானிக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை என்றால், பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, துவண்டு படுத்துவிட்டாலோ என்னிடம் வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.