36 வயதில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வரைய முயல்வது தாமதமா?

36 வயதாகிவிட்டது, அனுப்பிய படங்களெல்லாம் திரும்பி வருகின்றன, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி பிறந்தது 1917-ல். கேப்டன் அமெரிக்காவை இளம் வயதிலேயே வரைந்தவர்தான். ஆனால் அவர் வரைந்த புகழ்பெற்ற சூப்பர்ஹீரோ குழுக் கதையான ஃபென்டாஸ்டிக் ஃபோர் வந்தது 1961-ல், அவர் நாற்பதைத் தாண்டிய பிறகு. இடையில் காதல் கதை, கௌபாய் கதை, ராட்சதக் கதை என்று கிடைத்ததையெல்லாம் வரைந்தார்.

நீங்கள் அனுப்பிய 12 படங்களும் தனித்தனி போஸ்கள். அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கதை நகர்கிறதா என்றுதான் எடிட்டர் பார்ப்பார். வசனமே இல்லாமல் புரியும்படி 5 பக்கம் தொடர்ச்சியாக வரையுங்கள். ஹீரோ பறப்பது மட்டும் போதாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது, தெரு, கார் எல்லாம் வேண்டும்.

அப்புறம், வேலை கிடைத்தால் மூல ஓவியங்கள் யாருக்குச் சொந்தம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தன் பக்கங்களைத் திரும்பப் பெற கிர்பி 1980-களில் போராட வேண்டியிருந்தது.