38 இலட்சத்து மாடி வீடும் இரண்டு பிணைக் கையெழுத்தும்

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 12 வருடமாக வேலை செய்கிறேன். கைக்கு வருவது 58,000 ரூபாய். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். பெற்றோல், திருத்த வேலை எல்லாம் போக மாதம் 65,000 மட்டில் மிஞ்சும். ஓட்டோவின் லீசிங் முடிந்துவிட்டது. கிராண்ட்பாஸில் வாடகை வீடு. வாடகை 28,000, முற்பணம் 3 இலட்சம். பிள்ளைகள் இருவர். தொட்டலங்கப் பக்கம் அரசாங்க மாடி வீடொன்று 38 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. வீட்டின் உறுதி (உரிமைப் பத்திரம்) இன்னும் கிடைக்கவில்லையாம். சத்தியக்கடதாசியும் அற்றோணித் தத்துவமும் (விற்பவர் சார்பில் நடக்க அதிகாரப் பத்திரம்) எழுதித் தருவார்களாம். சேமிப்பு 6.5 இலட்சம், முற்பணம் 3, நகை 7 பவுணை 18 சதவீதத்துக்கு அடகு வைத்தால் 12, ஓட்டோப் புத்தகத்தைக் கொடுத்து 14 சதவீதத்தில் 10, மிச்சம் 6.5 தெரிந்தவரிடம் மாத வட்டி 5க்கு. வத்தளையில் உறுதியோடு ஒரு பழைய மாடி வீடு 70 இலட்சம் சொல்கிறார்கள்; அதற்கு வங்கிக்குப் போனோம். கணவரின் தம்பிக்கு நான் இரண்டு கடனில் பிணை நின்றிருப்பதால் கிரிப் (கடன் பதிவு) சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கட்டாத மாதங்களில் நாங்கள்தான் கட்டுகிறோம். சராசரி 20,000 போகிறது. இப்போது ஃபோன் கடை போட மூன்றாவது கையெழுத்துக் கேட்கிறார். புரோக்கர் வெள்ளிக்கிழமைக்குள் 2 இலட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? (என் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் 9.4 இலட்சம் இருக்கிறது.)

பதில்: சகோதரி, அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அதைச் சொல்ல ஒரு வரி போதும். மீதியில் முக்கியமானது நீங்கள் இடையில் போகிற போக்கில் எழுதியிருக்கும் பிணைக் கையெழுத்தைப் பற்றியது. உங்களுக்கு வீடு எட்டாமல் போனதற்குக் காரணம் கொழும்பு விலைவாசி மட்டும் இல்லை. “கையெழுத்துத்தானே கேட்கிறான், காசா கேட்கிறான்” என்று போட்ட இரண்டு கையெழுத்தும்தான். வங்கிக் கதவு அதனால் சாத்தப்பட்டது. வங்கி இல்லாததால்தான் வங்கி தொடாத ஒரு வீடு உங்கள் கண்ணுக்கு மலிவாகத் தெரிகிறது.

முதலில் அந்த மலிவைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். அடகு 12 இலட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 18,000. ஓட்டோப் புத்தகத்தின் மேல் வாங்கும் 10 இலட்சத்துக்கு 14 சதவீதம் என்று சொன்னது ஃப்ளாட் ரேட்டாகத்தான் இருக்கும். நான்கு வருடத்துக்கு 5.6 இலட்சம் வட்டியை முதலோடு கூட்டி 48 ஆல் பிரித்தால் தவணை 32,500. நீங்கள் முதலை மாதாமாதம் குறைத்துக்கொண்டு வந்தாலும் வட்டி மட்டும் ஆரம்ப 10 இலட்சத்துக்கே கணக்காகிறது. உண்மையான வட்டி கிட்டத்தட்ட 24 சதவீதம். “ஒரே நாளில் காசு” என்று விளம்பரம் போடும் இந்த வகைக் கடன்கள் எல்லாமே கவுண்டரில் சின்ன இலக்கத்தைத்தான் காட்டும். தெரிந்தவரிடம் 6.5 இலட்சத்துக்கு மாதம் 5 என்றால் 32,500. அதிலும் முதல் ஒரு சதமும் குறையாது.

மூன்றையும் கூட்டினால் 83,000. விற்பவர் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு இன்னும் கட்டவேண்டிய மாதத் தவணையும் உங்கள் தலையில்தான் விழும். அதையும் பராமரிப்பையும் குறைத்துப் பிடித்தாலும் 87,000 வந்துவிடும். உங்கள் இருவரின் வருமானம் 1,23,000. மிச்சம் 36,000. அதில் நாலு பேர் சாப்பாடு, பள்ளிக்கூடம், கரண்ட் பில், பிறகு தம்பியின் 20,000. இதற்கெல்லாம் பதிலாக மிச்சமாகும் வாடகை 28,000தான். ஒரு மாதம் ஓட்டோ கராஜில் நின்றால் கணக்கு அன்றே உடையும். லீசிங்காரன் முதலில் தூக்குவதும் அந்த ஓட்டோவைத்தான். முதல் வருட முடிவில் அடகுக்கும் தெரிந்தவருக்கும் மட்டும் 6 இலட்சத்துக்கு மேல் வட்டி கட்டியிருப்பீர்கள். கடன் முதல் 18.5 இலட்சம் அப்படியே இருக்கும்.

இவ்வளவையும் கொடுத்து வாங்குவது என்ன? நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடி வீடுகள் மோசமான வீடுகள் என்று சொல்லவரவில்லை. நகரத்துக் குடிசைத் தோட்டத்தில் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுக்கீட்டுக் கடிதத்தில் தன் பெயரோடு அங்கே போன குடும்பத்துக்கு, நகரத்துக்குள் அந்தத் தவணைக்கு வேறு வீடு கிடைக்காது. ஆனால் அந்தப் பெறுமதி அந்தப் பெயருக்கு உரியது. புரோக்கர் காட்டும் ஒதுக்கீட்டுக் கடிதத்தை வாங்கி, முதல் பக்கத்தில் நிற்காமல் நிபந்தனைகள் வரும் பக்கம் வரை வாசியுங்கள். அதிகார சபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற வகையில் நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டின் திகதியையும் பாருங்கள். நிலுவை எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

சத்தியக்கடதாசியால் வீடு கைமாறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அசையா ஆதனத்தின் விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். அற்றோணித் தத்துவம் அதைவிடப் பலவீனம்: கொடுத்தவர் இறந்த நாளில் அது செத்துவிடும். விற்பவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு ஒன்று நடந்தால் பிள்ளைகள் வந்து “அம்மாவின் வீடு” என்று கேட்பார்கள். உங்களிடம் இருப்பது ஒரு காசு ரசீது மட்டும். நாளைக்கு உறுதி கொடுத்தாலும் கடிதத்தில் உள்ள பெயருக்குத்தான் கொடுப்பார்கள். அதே கடிதத்தின் ஃபோட்டோப் பிரதியை வைத்து இன்னொருவரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று யார் சொல்வது? உண்மையாக விற்க முடியும் என்றால் விற்பவர் உங்களோடு பத்தரமுல்லை செத்சிறிபாயவுக்கு வந்து, அதிகார சபையில் எழுத்தில் அனுமதி எடுத்துத் தரட்டும். வெள்ளிக்கிழமை அவசரம் ஏன் என்று அப்போது விளங்கும்.

இனிக் கையெழுத்து.

கிரிப் என்பது இலங்கை கடன் தகவல் பணியகம். “கிரிப்பில் கறுப்புப் பட்டியல்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு பட்டியலைப் பணியகம் வைத்திருப்பதில்லை. யார் எவ்வளவு கடன் எடுத்தார், எத்தனை நாள் பிந்திக் கட்டினார், யாருக்குப் பிணை நின்றார் என்பதை அது காட்டும். முடிவு எடுப்பது வங்கி. உங்கள் பெயரில் ஒரு சதம் கடன் இல்லாவிட்டாலும் பிணை நின்ற கடன்கள் உங்கள் அறிக்கையில் தனியாக வரும். தம்பி மூன்று மாதம் கட்டாமல் விட்டால் அந்த நிலுவை உங்கள் பெயருக்குக் கீழேயும் தெரியும். 90 நாளைத் தாண்டினால் அது செயற்படாக் கடன் ஆகிவிடும்; அதற்குப் பிறகு வங்கி அதிகாரியிடம் நல்ல மனது இருந்தாலும் பிரயோசனம் இல்லை. அதனால் இந்த வாரம் செய்யவேண்டியது உங்கள் சொந்தக் கிரிப் அறிக்கையை நீங்களே எடுப்பது. கணவரும் எடுக்கட்டும். இரண்டு கடன்கள் என்று நீங்கள் நினைப்பது மூன்றாகவும் இருக்கலாம்.

பிணையில் இருந்து “நான் விலகுகிறேன்” என்று கடிதம் எழுதினால் விலக முடியாது. கடன் அடைய வேண்டும், அல்லது கடன் கொடுத்த கம்பனி ஒத்துக்கொள்ளும் வேறொரு பிணையாளி வர வேண்டும். வேறு வழி கிடையாது. ஆகவே தம்பியைக் கூட்டிக்கொண்டு இரண்டு கம்பனிக்கும் போங்கள். தனியாகப் போகாதீர்கள், அவர் இல்லாமல் பேசினால் உங்களைத்தான் கடன்காரி ஆக்குவார்கள். முழுவதும் அடைத்து முடிக்க இன்றைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதில் முதல் எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து வாங்குங்கள். மொத்தமாக அடைக்கிறோம் என்றால் தாமதக் கட்டணத்தில் குறைப்பார்கள், கேட்டால்தான் குறைப்பார்கள். லீசிங்கில் எடுத்த சாமான் இருந்தால் கம்பனியின் சம்மதத்தோடு விற்று அந்தக் கடனை முடிப்பதே நல்லது. கம்பனி தூக்கிக்கொண்டு போய் ஏலத்தில் விட்டால் வருவது குறைவு, மிச்சத்தைத் திரும்பவும் உங்களிடம் கேட்பார்கள். அடைத்த பிறகு முடிவுக் கடிதம் வாங்கி வைத்து, அறிக்கையில் அது ஏறிவிட்டதா என்று பிறகு ஒருமுறை பாருங்கள். ஏறாமல் கிடப்பது நடக்கிற விடயம்.

ஃபோன் கடைக் கையெழுத்து வேண்டாம். இதில் நான் பேரம் பேசத் தயாராக இல்லை. நீங்கள் மாதம் 20,000 கட்டுகிறீர்கள் என்றால் வருடம் 2.4 இலட்சம், பெயர் அவருடையது என்றாலும் அந்தக் கடன்காரர் நீங்கள்தான். கணவருக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது கஷ்டம் என்று விளங்குகிறது. அப்படியானால் மாதம் 5,000 உதவியாகக் கொடுக்கலாம், திருப்பி எதிர்பார்க்காமல். உதவிக்கு ஒரு எல்லை உண்டு. பிணைக்கு எல்லையே இல்லை, அதைத் தீர்மானிப்பது அவர் கட்டும் லட்சணம்.

வத்தளை வீட்டுக்கு வருவோம். 70 இலட்சத்தில் வங்கி 70 சதவீதம் தந்தால் கடன் 49 இலட்சம். 12 சதவீதம், 20 வருடம் என்று பிடித்தால் இலட்சத்துக்கு 1,100 வீதம் தவணை 54,000 மட்டில். உங்கள் வருமானத்தில் 44 சதவீதம்; இறுக்கம்தான், ஆனால் 28,000 வாடகையும் 20,000 தம்பிக் கடனும் இல்லாமல் போனால் இப்போது போவதோடு 6,000தான் கூட. முன்கூட்டித் தேவைப்படுவது 21 இலட்சம். அதோடு முத்திரைத் தீர்வை: முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மேலே 4 சதவீதம், கிட்டத்தட்ட 2.8 இலட்சம். நொத்தாரிசு கட்டணம், உறுதித் தேடல், வங்கி மதிப்பீடு எல்லாம் சேர்த்து 25 இலட்சம் என்று வையுங்கள்.

எங்கிருந்து? சேமிப்பு 6.5, முற்பணம் 3. ஈ.பி.எஃப்.இல் பத்து வருடத்துக்கு மேல் செலுத்தி, 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்கலாம். உங்களுக்கு அது 2.8 இலட்சம். தொழிற் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வேலைகொடுப்பவரின் கையெழுத்தும் வீட்டின் பத்திரங்களும் கேட்பார்கள். 2024க்கு ஈ.பி.எஃப். 11 சதவீதம் கொடுத்தது. வீட்டுக்கடன் வட்டியோடு ஒப்பிட்டால் எடுப்பதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் மீதியில் கை வைக்காதீர்கள். 75 சதவீதம் வரை ஈ.பி.எஃப்.ஐப் பிணையாகக் காட்டிக் கடன் எடுக்கும் வழியும் இருக்கிறது. கட்டத் தவறினால் வயதுகாலத்துக் காசில் கழித்துவிடுவார்கள், ஆகவே அது கடைசி வழி.

நகையை அடகு வைக்க வேண்டாம், 4 பவுணை விற்றுவிடுங்கள். இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். அடகில் வைத்தால் நகையும் இல்லை, மாதா மாதம் வட்டியும் போகும்; கட்டத் தவறினால் ஏலக் கடிதம் வரும். பவுணுக்கு 2.3 இலட்சம் என்று குறைத்துப் பிடித்தாலும் 9.2 இலட்சம். மொத்தம் 21.5 இலட்சம். குறைவது 3.5, இன்று தம்பிக்குப் போகும் 20,000ஐ 18 மாதம் ஒதுக்கினால் 3.6 இலட்சம். பிணைக் கடன்கள் முடிவதற்கும் கிரிப்பில் ஒழுங்கான தவணைகள் தெரிவதற்கும் அந்த 18 மாதம் எப்படியும் தேவை. அதுவரை அதே வத்தளை வீடு காத்திருக்காது. அதைப் போல இன்னொன்று கிடைக்கும்.

இந்த 18 மாதத்தில் கணவர் செய்யவேண்டிய ஒரு வேலை. ஓட்டோ வருமானத்துக்கு இப்போது ஒரு கடதாசியும் இல்லை. உங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்தால் 40 சதவீதம் என்று 23,000 தவணைக்குத்தான், அதாவது 21 இலட்சத்துக்குத்தான் கடன் தருவார்கள். ஆகவே அன்றாட வசூலைத் தினமும் அல்லது இரண்டு நாளைக்கொருமுறை ஒரே கணக்கில் போட்டு, செலவுக்கு அதிலிருந்தே எடுக்கட்டும். மாதக் கடைசியில் மொத்தமாக 65,000 போட்டால் அதிகாரி நம்பமாட்டார். சீட்டுக் காசு விழும்போது அதையும் அதே கணக்கில் கொட்டாதீர்கள், வருமானம் எது என்று குழம்பிவிடும்.

வீடு பார்க்கும்போது கொண்டோமினியம் (மாடி வீட்டுக்கான தனி உரிமை) உறுதியா, வீட்டு இலக்கத்துக்குத் தனியாகப் பதிவா என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள். பழைய திட்டங்களில் பால்கனியை அடைத்து அறை கூட்டியிருப்பார்கள். அது பிளானில் இருக்காது, வங்கி மதிப்பீட்டாளர் அந்தச் சதுர அடியைக் கணக்கில் எடுக்கமாட்டார். அவர் 62 இலட்சம் என்று எழுதினால் வங்கி தருவது 62இன் 70 சதவீதம், 43.4 இலட்சம், மீதி 5.6 இலட்சத்தை நீங்கள்தான் தேட வேண்டும். அதனால் மதிப்பீட்டு அறிக்கை வரும்வரை பெரிய அட்வான்ஸ் கொடுக்காமல், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று நொத்தாரிசு முன்னால் ஒப்பந்தம் எழுதுங்கள்.

வட்டியைப் பற்றி ஒன்று கேட்டே ஆகவேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாகக் கொள்கை வட்டியை (மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான வீதத்தை) 7 சதவீதப் புள்ளி கூட்டியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு உங்கள் கடை முதலாளிக்கும் தெரிந்திருக்கும். உங்கள் 49 இலட்சம் 12இல் இருந்து 20 சதவீதத்துக்குப் போனால் தவணை 54,000இல் இருந்து 83,000 ஆகும். முதல் ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டி கிடைக்குமா, அதற்குப் பிறகு எந்த வீதத்தோடு சேர்த்து மாற்றுவார்கள், இடையில் ஒரு தொகை கட்டினால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் மூன்று வங்கிகளில் எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் கவர்ச்சியான வட்டி காட்டும் கடனை எடுத்தவுடன் தள்ளிவையுங்கள்.