மனித உரிமை ஆராய்ச்சியா, வக்கீல் படிப்பா?

அண்ணாச்சி,

சோசியாலஜி முடித்த மகள் மனித உரிமை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், போலீஸ் வம்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அது என்ன வேலை என்று பார்ப்போம். நம் திருநெல்வேலியில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் உங்களுக்குத் தெரியாததில்லை. 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளியாகவே ஏற்றது. ஆனால் கம்பெனி பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக் மாமியார் பேரில் இருக்கும், சுற்றுவது மருமகளாக இருக்கும். கம்பெனிக் கணக்கில் அப்படி ஒரு மருமகளே கிடையாது. பி.எஃப். அவளுக்கு எப்படி வரும்? சட்டம் மட்டும் படித்தவர் பிரிவைச் சொல்வார். அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று தெரிய, அடுப்படி வரை போய்ப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். கழிவு என்று தள்ளிய பீடியால் கூலி எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போடவும், புகையிலைத் தூசு நெஞ்சை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கவும் வேறு வேறு படிப்பு. இவ்வளவையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதைத்தான் பல்துறை ஆய்வு என்கிறார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும் தேசிய மனித உரிமை ஆணையத்தின் வேலை என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

சரி, வழி எது? மனித உரிமை என்ற பெயரில் மட்டும் ஒரு டிகிரி வாங்க வேண்டாம் என்பேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வில் அந்தப் பெயரில் தனிப் பாடம் உண்டு. ஆனால் அந்தத் துறையை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. அதனால் முதலில் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் 3 வருட எல்.எல்.பி. நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மதிப்பெண்தான். முடித்தால் வக்கீலாகப் பதிவு செய்யலாம், அது கைத்தொழில். அப்புறம் எல்.எல்.எம்., இல்லையென்றால் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற அந்த உதவித்தொகை கிடைத்தால் பி.எச்டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கிடைக்காவிட்டால் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன்.

போலீஸ் பயத்தைச் சும்மா என்று தள்ளவும் மாட்டேன். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. ஆனால் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் விசாரணை ஆணைய அறிக்கை, தீர்ப்பு, சம்மதம் வாங்கி எடுக்கும் பேட்டி, இவற்றோடுதான் பாடு. பேசியவர் பெயரை மறைத்துத்தான் எழுதுவார்கள். லாக்கப் மரணம் மாதிரி தலைப்பை மட்டும் முதல் ஆய்வாக எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோர்ட்டுக்குப் போய்ப் பழகிய வழிகாட்டி கிடைத்த பிறகு எடுக்கட்டும்.

சட்டக் கல்லூரி விண்ணப்பம் சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக வரும். புரொவிஷனல், மார்க் ஷீட், சாதிச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.