பொய்ப் புகார், கூட்டுப் புகார்: மாடரேட்டர்கள், உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்

இணையக் குழுக்களில் பதிவுகளைக் கண்காணிக்கும் மாடரேட்டர்களிடமிருந்தும் உறுப்பினர்களிடமிருந்தும், புகார் (ரிப்போர்ட்) பட்டனைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு பதிவுக்கு 3 ரிப்போர்ட் வந்தால் தானாக மறைந்துவிடும்படி வைத்திருக்கிறோம். இப்போது நாலு பேர் சேர்ந்துகொண்டு, பிடிக்காதவர் எழுதுவதையெல்லாம் ரிப்போர்ட் அடித்தே தூக்குகிறார்கள். 3 என்பதை 10 ஆக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. நாலு பேர் கூடிவிட்டால் பத்துக் கணக்கு திறக்க அரை மணி நேரம் போதும். அதே நேரத்தில், ஒருவருடைய வீட்டு முகவரியை யாராவது பொதுவில் போட்டுவிட்டால், பத்துப் பேர் அழுத்தும்வரை அது அங்கேயே கிடக்கும். எண்ணை ஏற்றினால் நல்ல புகார்தான் முதலில் அடிபடும்.

பிரச்சினை எண்ணில் இல்லை, எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதில் இருக்கிறது. தலையை எண்ணினால் அது ஓட்டு. ஓட்டு என்று வந்தால் கள்ள ஓட்டும் வரும். அதனால் எத்தனை பேர் புகார் தந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, இவர்கள் முன்பு தந்த புகார்களில் எத்தனை சரியாக இருந்தன என்று பாருங்கள்.

எளிய கணக்கு ஒன்று. ஒருவர் தந்து, நீங்கள் தீர்ப்புச் சொன்ன புகார்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரியானவற்றோடு 2 கூட்டி, மொத்தத்தோடு 4 கூட்டி, வகுங்கள். இதுவரை புகாரே தராதவருக்கு 2/4, அதாவது 0.5. இருபதில் பதினெட்டு சரியாகத் தந்தவருக்கு 20/24, ஏறத்தாழ 0.83. இருபத்தாறில் ஒன்றே ஒன்று சரியாக இருந்தவருக்கு 3/30, வெறும் 0.1. ஒரு பதிவுக்கு வந்த புகார்களின் மதிப்பைக் கூட்டி 1.5 வந்தால் மட்டும் மறையுங்கள். நம்பகமானவர்கள் இரண்டு பேர் அழுத்தினாலே மறைந்துவிடும். கடைசி ரகத்து ஆட்கள் பத்துப் பேர் அழுத்தினாலும் 1.0தான் வரும், பதிவு நிற்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. புதுக் கணக்குக்கு 0.5 கிடைப்பதால், மூன்று புதுக் கணக்கு திறந்தால் 1.5 வந்துவிடும். ஆகவே இன்னொரு விதி வேண்டும்: தீர்ப்பான புகார் ஒன்றுகூட இல்லாதவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் அவர்களின் கூட்டு மதிப்பு 1-ஐத் தாண்டக்கூடாது. அவர்களுடைய புகார் வரிசையில் வந்து நிற்கட்டும், நீங்கள் பாருங்கள். தானாக மறைக்கும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

விவாதத் தளம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இந்த யோசனை உள்ளேயே இருக்கிறது: புகார் தந்தவரின் நம்பிக்கை நிலையையும் (தளம் அவருக்குத் தந்திருக்கும் படிநிலை) பழைய புகார்களின் துல்லியத்தையும் வைத்து ஒவ்வொரு புகாருக்கும் மதிப்பெண் போடுகிறது. ரெடிட் தளத்தில் விதிகளைத் தானாகச் செயல்படுத்தும் ஆட்டோமாடரேட்டருக்கு வெறும் எண்ணிக்கைதான் தெரியும். அங்கே எண்ணிக்கை விதி வைத்தே ஆகவேண்டும் என்றால் ‘ரிமூவ்’ என்று வைக்காதீர்கள், ‘ஃபில்டர்’ என்று வையுங்கள். ஃபில்டரில் பதிவு மறைந்தாலும் உங்கள் பரிசீலனை வரிசையில் வந்து காத்திருக்கும். ரிமூவில் போய்விட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள்.

கேள்வி: அந்த மதிப்பு முறையைப் புரிந்துகொண்டவன் நல்லவனாக நடித்து மதிப்பைச் சேர்த்துக்கொள்ள மாட்டானா?

சேர்ப்பான். ஸ்பாம் பதிவுகளைப் புகார் செய்வது சுலபம், பத்துக்குப் பத்து சரியாக வரும். ஒரு மாதம் அதைச் செய்துவிட்டு, சேர்த்த மதிப்பை எதிராளிமேல் இறக்குவான். இதைத் தடுக்க வகைவாரியாகத் தனிக்கணக்கு வையுங்கள். ஸ்பாம் புகாரில் ஒருவர் 0.9 வாங்கியிருந்தாலும், ‘தனிநபர் தாக்குதல்’ புகாரில் அவர் 0.5-இலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும், இதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். ‘சரியான புகார்’ என்று தீர்ப்புச் சொல்வது மாடரேட்டர்கள். அவர்களுக்கே ஒரு பக்கம் சாய்வு இருந்தால், சாயாத பக்கத்து ஆட்களின் மதிப்பு மெல்லமெல்லத் தேய்ந்து, அவர்கள் உண்மையைச் சொன்னாலும் எடுபடாத நிலை வந்துவிடும். நிராகரித்த புகார்களில் மாதம் 20-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, முதலில் தீர்ப்புச் சொல்லாத வேறொரு மாடரேட்டரிடம் பெயர்களை மறைத்துக் கொடுங்கள். அதில் நாலைந்துக்கு மேல் தீர்ப்பு மாறினால், திருத்தவேண்டியது விதியின் வாசகத்தை.

கேள்வி: ஒரு பதிவுக்கு மளமளவென்று ரிப்போர்ட் வருகிறது. திட்டமிட்டு அடிக்கிறார்களா, நிஜமாகவே பலருக்குக் கோபமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா?

முதலில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பாருங்கள். 5,000 பேர் பார்த்த பதிவுக்கு 9 புகார் வந்தால் அதிசயமில்லை. 60 பேர் பார்த்ததற்கு 9 வந்தால் உற்றுப் பார்க்கவேண்டும்.

அடுத்தது வரிசை. ஓர் உதாரணம்: 21:04-க்கு ஒருவரின் இன்றைய பதிவுக்குப் புகார். 21:05-க்கு அதே நபரின் நேற்றைய பதிவுக்கு. 21:06-க்குப் போன மாதத்துப் பதிவுக்கு. 21:09-க்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய, யாரும் சீந்தாத பதிலுக்கு. இவர்கள் உரையாடலைப் படித்துக்கொண்டு வரவில்லை. ஒருவருடைய சுயவிவரப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். உண்மையில் மனம் நொந்தவர் அந்த ஒரு பதிவைத்தான் காட்டுவார்.

காரணத்தில் ஒரே வாக்கியம், எழுத்துப்பிழை உட்பட ஒட்டி வந்தால் அது வேறெங்கோ பகிரப்பட்டது. புகார் தந்தவர்கள் அந்த விவாதத்தில் ஒரு வரிகூட எழுதாதவர்களாக இருப்பது இன்னொரு அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாய் திறக்கப் பயந்து புகார் மட்டும் தரும் அப்பாவிகளும் நிறைய.

திட்டமிட்ட புகார் என்று உறுதியானாலும் பதிவைப் படியுங்கள். கும்பலாக வந்து தந்தார்கள் என்பதற்காகவே விதிமீறிய பதிவு நல்ல பதிவாகிவிடாது. பதிவுக்கு ஒரு தீர்ப்பு, புகார் தந்தவர்களுக்கு வேறொரு தீர்ப்பு. இரண்டையும் கலப்பதுதான் மாடரேட்டர்கள் அதிகம் செய்யும் தவறு.

கேள்வி: ரிப்போர்ட் அடித்தது யார் என்று மாடரேட்டருக்குத் தெரியுமா?

தளத்தைப் பொறுத்தது. ரெடிட்டில் மாடரேட்டர்களுக்குத் தெரியாது; தள நிர்வாகத்துக்கு மட்டுமே தெரியும். ஆகவே அங்கே பொய்ப் புகார் வந்தால், அதே பதிவின் மேல் ‘ரிப்போர்ட் அப்யூஸ்’ என்ற காரணத்தைத் தேர்ந்து நிர்வாகத்துக்கு அனுப்பவேண்டும். காரணத்தைத் தானே தட்டச்சு செய்து தொல்லை தருபவர் என்றால், ‘ஸ்னூஸ்’ அழுத்தினால் அவருடைய அத்தகைய புகார்கள் 7 நாள் உங்கள் கண்ணில் படாது, அவர் பெயரும் உங்களுக்குத் தெரியாது. டிஸ்கோர்ஸில் பொறுப்பாளர்கள் பெயரைப் பார்க்கலாம். தனித்தனி சர்வர்கள் இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் உங்கள் சர்வர்க்காரரின் புகாரில் பெயர் இருக்கும். வேறு சர்வரிலிருந்து அனுப்பிவைத்த புகாரில் சர்வர் மட்டும்தான் தெரியும்.

பெயர் தெரிந்தாலும் வெளியே சொல்லக்கூடாது, பொய்ப் புகார்க்காரர் பெயரைக்கூட. ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்து உண்மையாகவே மிரட்டப்படுபவர் பட்டனைத் தொடமாட்டார்.

கேள்வி: என் அக்கவுண்டை மாஸ் ரிப்போர்ட் அடித்து முடக்கிவிட்டார்கள். என்ன செய்வது?

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். உடனே புதுக் கணக்கு திறக்காதீர்கள். தடையை ஏமாற்றுவது பெரும்பாலான தளங்களில் தனிக் குற்றம். முதல் முடக்கம் தப்பாக இருந்தாலும் இரண்டாவது சரியான முடக்கமாகிவிடும். பழைய பதிவுகளை அழிக்கவும் வேண்டாம். அழித்தால் உங்கள் பக்கத்துச் சான்றும் சேர்ந்து போகும்.

முடக்க அறிவிப்பை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: எந்தப் பதிவு, எந்த விதி, எந்தத் தேதி. பிறகு ஒரே ஒரு மேல்முறையீடு. ஒரே விஷயத்தைத் திரும்பத்திரும்ப அனுப்பினால் வேகம் கூடாது. அதில் எதிராளிகள் பற்றி எழுதாதீர்கள். “ஒரு கும்பல் என்மேல் வன்மத்தோடு...” என்று தொடங்கும் கடிதத்தைப் பரிசீலிப்பவரால் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதுங்கள்: “இன்ன பதிவு ‘வெறுப்புப் பேச்சு’ என்று நீக்கப்பட்டது. அதில் மேற்கோளுக்குள் இருக்கும் வரி நான் கண்டிக்கும் வரி. அடுத்த பத்தியில் ஏன் தவறு என்று எழுதியிருக்கிறேன். முழுப் பதிவையும் படித்து மறுபரிசீலனை செய்யவும்.” நாலு வரி போதும். கூட்டுப் புகாருக்கான அழைப்பே கையில் சிக்கியிருந்தால், அதன் படத்தை மட்டும் இணையுங்கள்.

பெரிய தளங்களில் எண்ணிக்கை மட்டும் உங்களை வீழ்த்துவதில்லை. எத்தனை முறை புகார் வந்தது என்பது நீக்கத்தைத் தீர்மானிப்பதில்லை என்று பேஸ்புக் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. ஆனால் பத்துப் புகார் என்றால் பத்துத் தடவை பரிசீலனைக்கு வாய்ப்பு, அதில் ஒருவர் அவசரத்தில் தவறினால் போதும். இதைத் தொழிலாகவே செய்தவர்களும் உண்டு: செயற்பாட்டாளர்களைக் குறிவைத்துக் கூட்டுப் புகார் தந்த வியட்நாம் வலையமைப்பு ஒன்றை நீக்கியதாக பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2021 டிசம்பரில் அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குச் சட்டமே துணை. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, நீக்கத்துக்கான காரணத்தைத் தளம் எழுதித் தரவேண்டும். சிறு நிறுவனங்கள் தவிர மற்ற தளங்கள், முடிவை எதிர்த்து இலவசமாக முறையிடக் குறைந்தது ஆறு மாத அவகாசமும் தரவேண்டும்.

கேள்வி: ஒருவரோடு வாதம் முற்றினால் போதும், ‘தற்கொலை எண்ணத்தில் இருக்கிறார்’ என்று ரிப்போர்ட் தட்டிவிடுகிறார்கள். உதவி எண்ணோடு மெசேஜ் வருகிறது. அந்த வசதியை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். எரிச்சல் நியாயம், ஆனால் அந்தப் பட்டனால் ஒரு உயிருக்கு உதவி போய்ச் சேரலாம். “செத்துப்போ” என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழியாகச் சிலர் இதை ஆக்கியிருக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சாதாரணப் பொய்ப் புகாராக நினைக்கக்கூடாது. நேரடி மிரட்டலுக்கு என்ன தண்டனையோ அதையே கொடுங்கள். ரெடிட்டில் இந்தச் செய்தி வந்தால், அதிலேயே தவறான பயன்பாட்டைத் தெரிவிக்க வழி இருக்கிறது. அனுப்பியவரை நிர்வாகம் கண்டுபிடிக்க முடியும். சொந்தமாகத் தளம் நடத்துபவர்கள், எந்த வரியைப் படித்து இப்படி நினைத்தீர்கள் என்று பயனரைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். அக்கறையுள்ளவர் அந்த வரியை உடனே காட்டுவார்.

கேள்வி: என் விமர்சனப் பதிவைக் காப்புரிமைப் புகார் கொடுத்து எடுத்துவிட்டார்கள். பதிவைத் திருப்பிப் போடச் சொல்லி எதிர் அறிவிப்பு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டப்படி எதிர் அறிவிப்பில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கவேண்டும், அது புகார் தந்தவர் கைக்கும் போகும். புனைபெயரில் எழுதுபவரின் அடையாளத்தைக் கறக்கவே சிலர் பொய்க் காப்புரிமைப் புகார் தருகிறார்கள். அந்த அபாயம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். எதிர் அறிவிப்புக்குப் பின் புகார் தந்தவர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பவேண்டும். அவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அதே சட்டத்தின் 512(எஃப்) பிரிவின்கீழ் நஷ்டஈடு கேட்கலாம். பொய்ப் புகார்களால் பணம் பறிக்க முயன்றதாக ஒருவர்மேல் யூடியூபே 2019-இல் வழக்குப் போட்டது. 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்பும் என்று சமரசத்தில் முடிந்தது.

கேள்வி: எங்கள் உறுப்பினர் ஒருவர் தினம் இருபது ரிப்போர்ட் அனுப்புகிறார். கெட்டவர் இல்லை, ஆனால் முக்கால்வாசி ஒன்றுமில்லாதவை. எப்படிச் சொல்வது?

பொய்ப் புகாரையும் தப்பான புகாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தீர்ப்பில் ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டோடு ‘விதிமீறல் இல்லை, ஆனால் கேட்டது நியாயம்’ என்ற மூன்றாவதும் வேண்டும். அந்த மூன்றாவது அவர் மதிப்பைக் குறைக்கக்கூடாது.

அவருக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்: “கடந்த 2 நாளில் நீங்கள் தந்த 40 புகாரில் 31-ஐ ஏற்கவில்லை. அவற்றில் 24 ‘தலைப்புக்கு வெளியே’ என்பவை. கேள்விக்குக் கிளைக்கேள்வி கேட்பதை நாங்கள் தலைப்புக்கு வெளியே என்று கொள்வதில்லை. முகவரி, தொலைபேசி எண், மிரட்டல் கண்டால் தயங்காமல் அனுப்புங்கள்.” இப்படி எண்ணோடும் வகையோடும் சொன்னால் பெரும்பாலானவர்கள் மாறிவிடுவார்கள். மொட்டையாக “தேவையில்லாமல் ரிப்போர்ட் செய்யாதீர்” என்றால் கோபித்துக்கொண்டு அடியோடு நிறுத்திவிடுவார், தேவையான அன்றும்.

தெரிந்தே தொடர்பவருக்கு: முதலில் எச்சரிக்கை, பிறகு 30 நாளுக்குப் புகார் உரிமை நிறுத்தம். நிறுத்துமுன் நான்கைப் பாருங்கள்: எத்தனை, மொத்தத்தில் என்ன விகிதம், விளைவு எவ்வளவு கடுமை, நோக்கம் என்ன. மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தளங்களைப் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். குழந்தைப் பாதுகாப்பு, உயிர் மிரட்டல் ஆகிய இரண்டு வகைகளை மட்டும் யாருக்கும் அடைக்காதீர்கள்.

கேள்வி: காரணத்தில் என்ன எழுதினால் சீக்கிரம் பார்ப்பார்கள்?

“மோசமான ஆள், தூக்குங்க” என்பதில் ஒன்றுமே இல்லை. “மூன்றாவது பத்தியில் இன்னொரு உறுப்பினரின் வேலையிடத்தைப் போட்டிருக்கிறார், அவர் அதைப் பொதுவில் சொன்னதில்லை” என்றால் பத்து நொடியில் முடிவெடுக்கலாம். எங்கே, எது, ஏன்: இந்த மூன்றும் ஒரு வரியில். ஒருவரின் பல பதிவுகள் சேர்ந்தால்தான் தொல்லை புரியும் என்றால் ஒவ்வொன்றையும் அழுத்தாதீர்கள்; எல்லா இணைப்புகளையும் மாடரேட்டர்களுக்கு ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

கேள்வி: மாடரேட்டர்மேலேயே ரிப்போர்ட் வந்தால்?

அவர் அதைத் தொடக்கூடாது. வேறொருவர் தீர்ப்புச் சொல்லி, பெயரோடு பதிவேட்டில் குறிக்கவேண்டும். ஒரே மாடரேட்டர் உள்ள சிறு குழு என்றால், குழுவுக்கு வெளியே நம்பகமான ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தபின் தேடினால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் என்பதே அடுத்த புகாராக வரும்.